பிள்ளை கேட்கும் அறியா வினா

வினா ஆறு வகைப்படும் என்று நன்னூலில் பவணந்தி முனிவர் வகுத்துத் தந்திருக்கிறார். அறிவினா, அறியாவினா, ஐயவினா, கொளல்வினா, கொடைவினா, ஏவல்வினா. பரீட்சைக்காக இதை மனனம் செய்த நேயர்கள் பலர் இருப்பீர்கள். முதல் இரண்டையும் கற்பிக்கும்போது ஒவ்வொரு வருடமும் எனக்குச் சிறிய வியப்பொன்று ஏற்படுவதுண்டு. இரண்டுக்கும் ஒரே வாக்கியத்தையே உதாரணமாகக் காட்டலாம். இந்தச் சூத்திரத்துக்குப் பொருள் என்ன என்று ஆசிரியர் மாணாக்கனைக் கேட்டால் அது அறிவினா. அதே சொற்களால் மாணாக்கன் ஆசிரியரைக் கேட்டால் அது அறியாவினா. சொல்லில் மாற்றமில்லை. கேட்பவர் மாறினார், வினாவின் இயல்பே மாறிவிட்டது.

வீட்டிலும் இதுதான் நடக்கிறது. மூன்று வயதுப் பிள்ளையை மடியில் இருத்தி, "வானம் என்ன நிறம்?" என்று கேட்கிறோம். "நீலம்" என்று பிள்ளை சொன்னதும் கைதட்டி மகிழ்கிறோம். அடுத்த வருடம் அதே பிள்ளை, "வானம் ஏன் நீலமாய் இருக்கு?" என்று கேட்கிறது. இப்போது கைதட்ட ஆளில்லை. "நீ வீட்டு வேலை செய்து முடிச்சிட்டியா?" என்று நாம் திருப்பிக் கேட்கிறோம். அது ஏவல்வினா.

எழுத்துலகிலும் நெடுங்காலம் அறிவினாவுக்கே ஆசனம் கிடைத்தது. பிள்ளையின் அறியாவினா எவ்வாறு அச்சுக்குள் வந்தது, அதை யார் கொண்டுவந்தார்கள் என்பதே இன்றைய உரையின் பொருள். கதையின் பெரும்பகுதி இங்கிலாந்தில் நடக்கிறது. மலிவான அச்சும் சிறுவர் நூல்களும் அங்கே நமக்கு முன்னதாகப் பெருகிவிட்டமையே காரணம். யாழ்ப்பாணத்துக்கும் கதை வந்து சேரும்.

வினாவிடை என்னும் நூல்வகையை நமக்கு நன்கு தெரியும். கிறிஸ்தவ சமயத்தார் ஞானோபதேசம் கற்பிக்கக் கையாண்ட வடிவம் அது. மிஷனரிமாரின் அச்சகங்களோடு இங்கே பரவியது. ஆறுமுக நாவலர் அந்த ஆயுதத்தை அவர்களிடமிருந்தே வாங்கிச் சைவ வினாவிடை செய்தார். சுருக்கமும் தெளிவும் உடைய அந்த நடையைத் தமிழ் உரைநடை கற்பிப்பவன் என்ற முறையில் நான் இன்றும் மாணவருக்கு எடுத்துக்காட்டுவதுண்டு. ஆனால் வினாவிடையில் வினாவும் ஆசிரியருடையதே, விடையும் ஆசிரியருடையதே. பிள்ளைக்கு அங்கே குரல் மட்டும் உண்டு. சமயத்துக்கு அது பொருந்தலாம். மழைக்கும் மின்னலுக்கும் பொருந்துமா?

பொருந்தும் என்றே இங்கிலாந்தில் நினைத்தார்கள். ரிச்மல் மங்னல் என்ற பள்ளி ஆசிரியை 1798இல் வரலாறும் பிறவும் பற்றிய கேள்விநூல் ஒன்றை வெளியிட்டார். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பெண்பிள்ளைகள் தலைமுறை தலைமுறையாக அதை ஒப்புவித்தார்கள். 1840களில் கொபம் புறூவர் என்ற பாதிரியார் அன்றாடப் பொருள்களைப் பற்றியே ஒரு வினாவிடை எழுதினார். கொதிக்கும் கேத்தில் ஏன் பாடுகிறது, புகைபோக்கி ஏன் புகையை இழுக்கிறது, பனித்துளி ஏன் புல்லில் படிகிறது என்று நூற்றுக்கணக்கான கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் "ஏனெனில்" என்று தொடங்கும் இரண்டு வரி விடை. நூல் அமோகமாக விற்பனையானது. கேள்விகள் உண்மையிலேயே பிள்ளைகள் கேட்கக்கூடிய நல்ல கேள்விகள்தாம். அப்படியிருந்தும் அதைப் படிக்கையில் ஒரு மூச்சடைப்பு உண்டாகிறது. பிள்ளை ஒரு விடையைக் கேட்டதும் அதிலிருந்தே அடுத்த கேள்வியை எடுக்கும். கேத்திலில் காற்று எங்கிருந்து வந்தது என்று கேட்கும். அந்த இரண்டாவது கேள்விக்குப் புறூவரின் நூலில் இடமில்லை. அச்சடித்த அடுத்த கேள்வி முன்னதாகவே வந்து நின்றுவிடும். அறியாவினாவின் உடையை அறிவினாவுக்கு உடுத்திவிட்டார் என்று நான் சொல்வேன்.

இரண்டாவது கேள்விக்கு இடம் கொடுத்தவர் அவருக்கும் முந்திய ஒரு பெண்மணி. பெயர் ஜேன் மார்செட். இலண்டனில் றோயல் இன்ஸ்ரிரியூசன் என்னும் விஞ்ஞான நிலையத்தில் ஹம்பிரி டேவி ஆற்றிய இரசாயன விரிவுரைகளைக் கேட்கப் போனவர். அவையில் கேட்டபோது பலவும் விளங்கவில்லை. பிறகு நண்பர் ஒருவரோடு உட்கார்ந்து பேசிப் பார்த்தபோது விளங்கியது. பேசினால் விளங்குகிறது என்றால் நூலையும் பேச்சாகவே எழுதினால் என்ன என்று எண்ணினார். 1805 முடிவில் வந்த அவரது இரசாயன உரையாடல் நூலில் ஓர் ஆசிரியையும் எமிலி, கரோலைன் என்ற இரண்டு சிறுமிகளும் பேசிக்கொள்கிறார்கள். எமிலி அடக்கமானவள், கரோலைன் துடுக்கானவள். ஆசிரியை சொன்னதை அவள் மறுப்பாள், அவசரப்பட்டு முடிவுக்கு வருவாள், இதனால் என்ன பயன் என்பாள். கரோலைன் இல்லாவிட்டால் அந்த நூல் இன்னுமொரு வினாவிடையாகியிருக்கும். பல பதிப்புகள் வரை நூலாசிரியையின் பெயர் அட்டையில் இல்லை என்பதையும் சொல்லிவைக்க வேண்டும்.

அந்த நூல் ஒரு வாசகனைக் கண்டது. இலண்டனில் புத்தகம் கட்டும் கடையொன்றில் 14 வயதில் வேலை பழகச் சேர்ந்த கொல்லன் மகன் அவன். கட்டுவதற்கு வந்த புத்தகங்களைக் கட்டுமுன் படித்துப் பார்க்கும் பழக்கம் உடையவன். அவனுக்கு இரசாயனத்தை முதன்முதல் காட்டிக் கொடுத்தது மார்செட்டின் நூல். 1812இல் யாரோ கொடுத்த அனுமதிச் சீட்டில் டேவியின் விரிவுரைகளைக் கேட்டு, குறிப்பெடுத்து, தன் கையாலேயே அழகாகக் கட்டி டேவிக்கு அனுப்பினான். 1813இல் அங்கேயே உதவியாளன் வேலை கிடைத்தது. மைக்கல் பரடே என்ற அவனது பெயரை மின்சாரம் உள்ள ஊரெல்லாம் இன்று அறியும். முறையான பள்ளிப்படிப்பு இல்லாத ஒருவன் கரோலைனின் கேள்விகளைக் கேட்டு வளர்ந்தான் என்பதை நினைவில் வைத்துக்கொண்டால் பின்னால் அவன் செய்தது நன்றாக விளங்கும்.

1825இல் றோயல் இன்ஸ்ரிரியூசனில் இளையோருக்கான நத்தார் விடுமுறை விரிவுரைகள் ஆரம்பமாயின. 1827 முதல் 1861 வரை அவற்றில் 19 தொடர்களைப் பரடேயே நடத்தினார். அவற்றுள் புகழ்பெற்றது மெழுகுதிரியைப் பற்றியது. 1848இல் ஒருமுறை பேசினார். 1860ஆம் ஆண்டு முடிவில், 69 வயதில், அதே பொருளையே மீண்டும் எடுத்துக்கொண்டார். அதுவே அவர் நடத்திய கடைசி நத்தார்த் தொடர். மொத்தம் ஆறு உரைகள். உலகம் அறிந்த விஞ்ஞானி, தன் கண்டுபிடிப்புகளை விட்டுவிட்டு, சதத்துக்கு விற்கும் மெழுகுதிரி ஒன்றைக் கையிலெடுத்துக்கொண்டு பிள்ளைகளின் முன் நிற்கிறார். தானும் ஓர் இளையவனாகவே பேச அனுமதிக்க வேண்டும் என்று தொடக்கத்திலேயே கேட்டுக்கொள்கிறார்.

முதலில் விதம்விதமான திரிகளைக் காட்டினார். அதில் ஒன்று றோயல் ஜோர்ஜ் என்ற போர்க்கப்பலிலிருந்து எடுத்தது. அந்தக் கப்பல் 1782இல் கடலில் மூழ்கியது. பல ஆண்டுகள் உப்புநீரில் கிடந்த திரியை அவர் பிள்ளைகளின் முன் கொளுத்தினார். அது எரிந்தது. எந்தப் பிள்ளை அதன் பிறகு தூங்கியிருக்கும்?

பிறகு கேள்விகள். எரியும் மெழுகுதிரியின் உச்சியில் சிறு கிண்ணம்போல ஒரு குழி இருக்கிறதே, உருகிய மெழுகை ஏந்தி நிற்கும் அந்தக் கிண்ணத்தைச் செய்தவர் யார்? சுடரின் வெப்பத்தால் காற்று மேலெழுகிறது, அதன் இடத்துக்குக் கீழிருந்து குளிர்ந்த காற்று வந்து திரியின் ஓரத்தைத் தடவிச் செல்கிறது, ஓரம் உருகாமல் நிற்க நடு உருகுகிறது. சரி, கீழே இருக்கும் மெழுகு மேலே சுடருக்கு எப்படி ஏறுகிறது? நுண்ணிய துளைகளின் வழியே நீர்மம் ஏறும் மயிர்த்துளைத் தன்மையை உப்புக் கட்டியில் நீலநீரை ஏறவிட்டுக் காட்டினார். எரிவது மெழுகா, திரியா, வேறொன்றா? சுடரை மெல்ல அணைத்தார். வெண்புகை எழுந்தது. திரியைத் தொடாமல், இரண்டு மூன்று அங்குலம் தள்ளி அந்தப் புகையில் நெருப்பை நீட்டினார். நெருப்பு புகையின் வழியே ஓடிப்போய்த் திரியில் ஏறிக்கொண்டது. எரிவது ஆவி என்பதைப் பிள்ளைகள் கண்ணால் கண்டார்கள். சுடரின் நடுவில் ஒரு கடதாசியைக் கிடையாகப் பிடித்து எடுத்தார். வட்டமாகக் கருகியிருந்தது, ஆனால் வட்டத்தின் நடு கருகவில்லை. ஏன்? அதற்கும் ஒரு பரிசோதனை வந்தது.

நன்னூலார் விடையை எட்டாக வகுக்கிறார். அதில் ஒன்று வினா எதிர் வினாதல், கேள்விக்குக் கேள்வியாலேயே விடை சொல்வது. உரைகாரர் காட்டும் உதாரணம் வேறு மாதிரியானது என்றாலும், பரடேயின் முறைக்கு அந்தப் பெயர் நன்றாகவே இசைகிறது. ஒவ்வொரு விடையும் அடுத்த கேள்வியின் திரியைக் கொளுத்திவிட்டுத்தான் அணைந்தது. புதிதாக ஏதேனும் நிகழும்போதெல்லாம் இது ஏன் நிகழ்ந்தது என்று கேட்கும் பழக்கத்தைப் பிள்ளைகளிடம் அவர் வேண்டினார். புறூவரின் "ஏனெனில்" கதவைச் சாத்துகிற சொல், பரடேயின் "ஏன்" திறக்கிற சொல்.

இந்த இடத்தில் யாழ்ப்பாணத்து விளக்கொன்றைக் கொஞ்சம் தூண்ட வேண்டியிருக்கிறது. 1990இல் குடாநாட்டில் மின்சாரம் நின்றது. அதற்குப் பிறகு சில ஆண்டுகள் என் வயதுக்காரர் படித்தது ஜாம் போத்தல் விளக்கில். மண்ணெண்ணெய்க்குப் பெருந்தட்டுப்பாடு. ஜாம் போத்தலின் அடியில் கொஞ்சம் பஞ்சு, அதில் ஊறிய எண்ணெய், சைக்கிள் வால்வுக் குழாயில் கோத்த ஒரு நூல்திரி. வேப்பங்கொட்டை அளவு சுடர். போத்தலின் சுவர் காற்றை மறைத்துக்கொள்ளும். புத்தகத்தை அதனருகே சாய்த்து வைத்து நானும் தம்பியும் படிப்போம். எண்ணெய் மிச்சம் பிடிக்க வேண்டும் என்பதால் பாடம் முடிந்ததும் அப்பாச்சி வந்து போத்தலின் வாயை உள்ளங்கையால் மூடுவா. சுடர் ஒருமுறை நிமிர்ந்து பார்த்துவிட்டு நூர்ந்துவிடும்.

ஒருநாள் தம்பி கேட்டான், "ஏன் அப்பாச்சி, ஊதாமல் சும்மா மூடினாலும் நூருது?" அவனுக்கு அப்போது ஏழு வயது. அப்பாச்சி மூன்றாம் வகுப்புக்கு மேல் போகாதவ. கையைத் துடைத்துக்கொண்டு சொன்னா, "அதுக்கும் மூச்சு முட்டும்தானே மோனை."

பல ஆண்டுகள் கழித்து, பல்கலைக்கழக நூலகத்தில், பரடேயின் ஆறாவது உரையைப் படித்தபோது நான் பக்கத்தைத் திருப்பாமல் சற்று நேரம் இருந்தேன். ஆறு உரைகளாக மெழுகுதிரியைச் சுற்றிச் சுற்றி வந்த பரடே கடைசியில் போய்ச் சேருமிடம் மூச்சுத்தான். திரி எரியும்போது வரும் வாயு தெளிந்த சுண்ணாம்பு நீரைப் பால்போல வெளுக்கச் செய்கிறது. நாம் வெளிவிடும் மூச்சும் அதே நீரை அதேபோல வெளுக்கச் செய்கிறது. இரண்டிலும் காபன் ஒட்சிசனோடு சேர்ந்து காபனீரொட்சைட்டாகிறது. ஒரு மனிதன் ஒரு நாளில் 7 அவுன்சு வரையான காபனை இவ்வாறு மாற்றுகிறான் என்று பரடே கணக்குச் சொன்னார். ஏறக்குறைய 200 கிராம். உண்ணும் உணவு உள்ளே சுடரின்றி மெல்ல எரிகிறது, அந்த வெப்பத்தில் நாம் வாழ்கிறோம், நாம் விடும் வாயுவைக் கொண்டு மரஞ்செடிகள் வளர்கின்றன. அப்பாச்சிக்கு ஒட்சிசன் தெரியாது. தெரிந்ததைக் கொண்டு தெரியாததைத் தொட்டுக் காட்ட அவவுக்குத் தெரிந்திருந்தது. உவமை என்று இலக்கணகாரர் சொல்வது இதைத்தான். விஞ்ஞான விளக்கமும் உவமையும் பகையாளிகள் என்று சில ஆசிரியர் நினைக்கிறார்கள், நான் அப்படி நினைப்பதில்லை. ஆனால் உவமை எந்த இடம்வரை வரும் என்பதையும் பிள்ளைக்குச் சொல்லத்தான் வேண்டும். சுடருக்கு நோவில்லை.

பரடேயின் பேச்சைக் குறிப்பெடுக்கச் செய்து 1861இலேயே நூலாக்கியவர் வில்லியம் குறூக்ஸ் என்ற இரசாயன அறிஞர். பேச்சு நடை அப்படியே காக்கப்பட்டது. இன்றுவரை அந்த நூல் அச்சிலிருந்து மறையவில்லை.

பரடேக்குப் பின் அதே மேடையில் இளையோருக்குப் பேசியவர்களில் யோன் டிண்டல் ஒருவர். முன்பு சொன்ன வானத்தின் நீலத்தை எடுத்து ஆராய்ந்தவர் அவர். 1869 அளவில், நுண்ணிய துணிக்கைகள் நிறைந்த கண்ணாடிக் குழாயில் ஒளியைப் பாய்ச்சி நீலத்தைச் செயற்கையாகவே உண்டாக்கிக் காட்டினார். 1871இல் ரேலி பிரபு அதன் கணிதத்தைச் செய்தார். ஒளியில் அலைநீளம் குறைந்த நீலப் பகுதி காற்றில் மற்றவற்றைவிட அதிகமாகச் சிதறுகிறது, எல்லாத் திசையிலிருந்தும் அது நம் கண்ணுக்கு வருகிறது. வானம் முடிந்தது. அப்படியானால் கடல்? கடலின் நீலம் வானத்தின் நீலம் தெறிப்பதுதான் என்றார் ரேலி.

பெரியவர்கள் அதோடு அமைதியடைந்தார்கள். 1921இல் இங்கிலாந்திலிருந்து கப்பலில் திரும்பிக்கொண்டிருந்த ஒரு தமிழர் அமைதியடையவில்லை. திருச்சிராப்பள்ளியில் பிறந்த சந்திரசேகர வெங்கட ராமன். மத்தியதரைக் கடலின் நீலத்தைக் கண்டு, அது வானத்தின் கடனாக இருக்க முடியுமா என்று ஐயுற்றார். கையில் ஒரு சிறு அரியம் இருந்தது. தெறித்து வரும் ஒளியை அதனால் மறைத்துவிட்டுக் கடலைப் பார்த்தார். தெறிப்பை நீக்கினால் நீலம் மங்க வேண்டும். மங்கவில்லை, இன்னும் செறிவாகத் தெரிந்தது. நீரின் மூலக்கூறுகளே ஒளியைச் சிதறடிக்கின்றன என்ற எண்ணத்தோடு கல்கத்தாவுக்குத் திரும்பி, திரவங்களில் ஒளிச்சிதறலை ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்தார். 1928 பெப்ரவரி 28இல் அவர் பெயரால் வழங்கும் விளைவு கண்டறியப்பட்டது, 1930இல் நோபல் பரிசு வந்தது. இதில் ஒரு சுவை உண்டு. கடல் நீலமாயிருப்பதற்கு நீர் சிவப்பொளியை உறிஞ்சிக்கொள்வது பெருங்காரணம் என்று இன்று சொல்கிறார்கள். ராமன் முதன்மைப்படுத்திய சிதறல் அதில் ஒரு பங்கு மட்டுமே. ரேலியின் விடையை ராமன் திருத்தினார், ராமனின் விடையைப் பின்வந்தோர் திருத்தினர். மூன்று தலைமுறை அறிஞரும் வேலை செய்தது மூன்று வயதுப் பிள்ளையின் கேள்விக்குத்தான்.

பிள்ளையின் கேள்விக்கென்றே ஒரு பெருநூல் எழுந்தது 1908இல். ஆதர் மீ என்ற பத்திரிகையாளர் இலண்டனில் இருந்தார். 14 வயதோடு பள்ளியை விட்டவர். அவருக்கு ஒரே மகள், பெயர் மார்ஜரி. அவள் கேள்விமேல் கேள்வியாகக் கேட்டுத் தாயைத் திணறடித்தாள். இவளுடைய கேள்விகளுக்கெல்லாம் விடை தரும் புத்தகம் ஒன்று இருக்கக் கூடாதா என்று தாய் அலுத்துக்கொண்டாராம். தகப்பன் அதைத் தொழிலாகவே எடுத்துக்கொண்டார். 1908 மார்ச் முதல் 1910 பெப்ரவரி வரை, இரண்டு வாரத்துக்கு ஒன்றாக 50 பகுதிகள். கட்டினால் எட்டுப் பெருந்தொகுதிகள். சிறுவர் கலைக்களஞ்சியம் என்று பெயர். அதில் பிள்ளைகளின் கேள்விகளுக்கு எளிய விடை சொல்லவென்றே தனியொரு பகுதி தொகுதிதோறும் தொடர்ந்து வந்தது. அறியாவினாவுக்கு அச்சில் நிரந்தர ஆசனம் கிடைத்தது அப்போதுதான் என்பேன்.

நான் தமிழ் கற்பிக்கும் கல்லூரி நூலகத்தின் மேல்தட்டில், முதுகு உரிந்த மீயின் தொகுதிகள் சில இருக்கின்றன. தூசு தட்டிப் பார்த்திருக்கிறேன். படங்கள் இன்றும் மனத்தைக் கவர்பவை, நடை அன்பானது. ஆனால் அந்த அன்பு யாரை நோக்கியது என்பது பக்கத்துக்குப் பக்கம் தெரியும். மீயின் "நாம்" இங்கிலாந்துப் பிள்ளை. பேரரசின் பெருமிதம் அதில் தாராளமாக உண்டு. அந்த நூலைப் புரட்டிய நமது பழைய ஆங்கிலக் கல்லூரிப் பிள்ளை, தான் காணாத உறைபனிக்கு விடை அறிந்திருப்பான். தன் முற்றத்துப் பனைக்கு யாரிடம் கேட்டிருப்பான்?

தன் மொழியில் கேட்பதானால் சொல்லும் வேண்டுமே. இங்கே மருத்துவர் சாமுவேல் கிறீனை நினைக்க வேண்டும். பரடே மெழுகுதிரியைப் பற்றி முதன்முறை பேசுவதற்கு முந்திய ஆண்டு, 1847இல், அமெரிக்காவிலிருந்து யாழ்ப்பாணம் வந்தவர். மானிப்பாயில் மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தார். உடற்கூற்றுக்கும் சத்திரசிகிச்சைக்கும் தமிழில் நூல்கள் செய்வித்தார். "கெமிஸ்தம்" என்ற இரசாயன நூல் 1875இல் வெளியாயிற்று. அவர் சமயம் பரப்ப வந்தவர், அது மறைக்க வேண்டியதன்று. எனினும் இரசாயனத்தைத் தமிழில் சொல்ல முடியும் என்பதை வாதாடாமல் செய்து காட்டினார். இன்று நம் பிள்ளைகள் ஒட்சிசன், ஐதரசன் என்று கூசாமல் சொல்கிறார்கள். தமிழகத்துப் பிள்ளை ஆக்சிஜன் என்கிறது. இருவரும் சந்தித்தால் ஒரு நிமிடம் திகைத்துவிட்டுச் சிரித்துக்கொள்வார்கள், அவ்வளவுதான். அதைப்பற்றி நாம் நடத்திய சண்டைகளை அவர்களிடம் சொல்லத் தேவையில்லை.

தமிழகத்தில் வழக்கறிஞர் பெ. நா. அப்புஸ்வாமி ஒரு வாழ்நாள் முழுவதும் விஞ்ஞானத்தைக் கட்டுரை கட்டுரையாகத் தமிழாக்கினார். மீயின் முதற்பகுதி வெளிவந்த அதே 1908ஆம் ஆண்டில் கொங்குநாட்டில் பிறந்தார் பெரியசாமித் தூரன். இசை அறிந்தோர் அவருடைய கீர்த்தனைகளால் அவரை அறிவர். தமிழ் வளர்ச்சிக் கழகத்தின் கலைக்களஞ்சியம் அவரை முதன்மைப் பதிப்பாசிரியராகக் கொண்டு 1954 முதல் 1968 வரை பத்துத் தொகுதிகளாக வந்தது. ஓய்வெடுத்திருக்கலாம். 1968 முதல் 1976 வரை குழந்தைகள் கலைக்களஞ்சியம் என்று இன்னுமொரு பத்துத் தொகுதிகளைக் கொண்டுவந்தார். ஒரு பண்டிதர் சமூகம் பிள்ளைகளுக்காக இவ்வளவு பாடுபட்டது தமிழில் அதற்கு முன் இல்லை. ஒரேயொரு குறை எனக்கு உண்டு. கலைக்களஞ்சியம் அகரவரிசையில் செல்வது. வெளவாலைப் பற்றி அறிய வேண்டுமானால் வகர வரிசையைப் புரட்டலாம். ஆனால் பிள்ளையின் கேள்வி பெயரோடு வருவதில்லை. அது "ஏன்" என்று வருகிறது, ஏகாரத்தின் கீழ் அதைத் தேடினால் ஏலக்காயும் ஏரியும்தான் கிடைக்கும்.

இப்போது நம் பிள்ளைகளின் மேசையில் எந்த நூல் இருக்கிறது? ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பரீட்சைக்கான மாதிரி வினாத்தாள்கள். புறூவர் வேறு அட்டையோடு திரும்பி வந்திருக்கிறார். ஒன்பது வயதுப் பிள்ளை நாளொன்றுக்கு நாற்பது அறிவினாக்களுக்கு விடை எழுதிவிட்டு, அதன் பிறகு தனியார் வகுப்புக்குப் போய் இன்னும் நாற்பது எழுதுகிறது. ஆறாம் வகுப்புக்கு அது என்னிடம் வரும்போது, "ஏதாவது கேட்க இருக்கா?" என்றால் தலையைக் குனிந்துகொள்கிறது. புள்ளி பெறும் பிள்ளைகளே அதிகம் குனிகிறார்கள். பெற்றோரைக் குறைகூற நான் வரவில்லை. அந்தப் பரீட்சையில் அவர்கள் என்ன காண்கிறார்கள் என்பது எனக்குத் தெரியும். பயிற்றப்பட்ட பட்டதாரி என்ற முறையில் உளவியல் நூல்களில் படித்ததையும் இங்கே கொட்டப்போவதில்லை.

இரண்டு வருடமாக வகுப்பின் பின்பக்கத்தில் ஒரு வெற்று மைலோ ரின்னை வைத்திருக்கிறேன். கேள்வியை எழுதிப் போடலாம், பெயர் எழுதத் தேவையில்லை. முதல் மாதம் வந்தவை எல்லாம் பாடப்புத்தகக் கேள்விகள். பிள்ளைகள் என்னைப் பரிசோதித்தார்கள் என்று நினைக்கிறேன். இரண்டாம் மாதம்தான் முதல் அறியாவினா விழுந்தது, "கொட்டாவி ஏன் ஒட்டுது சேர்?" அதற்கு விஞ்ஞான ஆசிரியரிடம் போனேன். அவர், அறிஞர்களே இன்னும் ஒருமுகமாகச் சொல்லவில்லை என்றார். அதை அப்படியே வகுப்பில் சொன்னேன். பிள்ளைகளுக்கு அதில் ஏற்பட்ட மகிழ்ச்சியைச் சொல்லி முடியாது. பெரியவர்களுக்கும் தெரியாத ஒன்றைத் தாங்கள் கேட்டுவிட்டார்கள்!

சென்ற வாரம் ரின்னில் கிடந்தது, "நுங்குக்கு ஏன் மூன்று கண்?" இங்கிலாந்துப் பிள்ளை கேட்டிருக்க முடியாத கேள்வி. பெண்பனையின் பூவில் சூலகம் மூன்று அறையாக அமைந்திருக்கிறது, அறைக்கு ஒரு வித்து, அதுவே மூன்று கண் என்று விளக்கினேன். எல்லோரும் எழுதிக்கொண்டார்கள். கடைசி வாங்கிலிருந்த ஒருவன் மட்டும் எழுதவில்லை. வழக்கமாக வாய் திறவாதவன். தாங்கள் வெட்டுகிற நுங்கில் சிலதுக்கு இரண்டு கண்தான் இருக்கும், அப்போது மற்றைய அறை எங்கே போனது என்று கேட்டான். வளராமல் ஒடுங்கியிருக்கலாம், வெட்டிப் பார்க்க வேண்டும் என்றேன். திங்கட்கிழமை இரண்டு கண் நுங்கு ஒன்று கொண்டுவருவதாகச் சொல்லியிருக்கிறான். கத்தியை நான் கொண்டுபோக வேண்டும்.